தரைக்கு அடியில் வரும் தண்ணீர்

அன்பு மகன் அறிவழகனுக்கு அப்பா எழுதுவது.

இந்த எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரிப்பதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரி. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்து கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. சில எழுத்து பூசணிக்காய் போல வந்துவிட்டது, சில எழுத்து எள்ளைப் போல ஒடுங்கிக் கிடக்கிறது. பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளின் பின்பக்கம் தழும்பு தழும்பாகப் புடைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். நாற்று முடியையும் மண்வெட்டிக் காம்பையும் பிடித்த கை இது. இவ்வளவு மெல்லிசான ஒன்றைப் பிடித்துப் பழக்கமில்லை. நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை உனக்குப் போன கடிதங்களைத் தபால்காரர் எழுதிக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாலு வார்த்தை சேர்ப்பார். நான் சொன்னபடியே அவர் எழுதியது கடைசி வரி மட்டும்தான். “நீ ஊருக்கு வந்துவிடு” என்பது அந்த வரி. இப்போது நம் தெருக் கொட்டகையில் சாயங்காலம் எழுத்து வகுப்பு நடக்கிறது. ரெங்கன் மருமகள் தமிழரசிதான் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கேதான் உன் பெயரை நானே எழுதினேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைக் கட்சிக் கூட்டத்துக்குத் தூக்கிப்போய், மேடையில் இருந்தவரிடம் நீட்டி, நல்ல தமிழ்ப் பெயராக வையுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரை மறந்துவிடக் கூடாது என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே நடந்து வந்தேன். “வாயில நொழையலையே” என்று உன் அம்மா அன்றைக்கே அதை அழகா என்று சுருக்கிவிட்டாள். அந்த முழுப்பெயர் இத்தனை காலம் கழித்து என் கையிலிருந்து இறங்கியது. அழிக்க மனம் வராமல் சிலேட்டோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். “பெரியப்பா, சிலேட்ட வச்சிட்டுப் போங்க, கணக்குல கொறஞ்சா என்னைத்தான் கேப்பாங்க” என்று தமிழரசி பின்னாலேயே ஓடி வந்தாள்.

சந்தோஷமான சங்கதியை முதலில் எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியது அப்படிப்பட்டது அல்ல. தையில் கல்யாணம் முடிந்ததும் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே குடிவந்துவிடுவதாக எழுதியிருந்தாய். தமிழரசி அதைப் படித்தபோது உன் அம்மா மறுபடியும் படி என்று கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் இருக்க முடியுமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கிறது என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

கார்த்திகை முடிவதற்குள் பெண் வீட்டார் கை நனைக்க வந்தார்கள் அல்லவா, அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒரத்தநாட்டிலிருந்து சம்மந்தியும் அவர் பக்கத்து ஆட்களும் வந்து, கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, நம் கையால் சோறு சாப்பிட்டார்கள். பேச்சு நன்றாக இருந்தது. சாப்பிட்டு எழுந்தபோது சம்மந்தி வேட்டியின் பின்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. பாயைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சிமெண்டுத் தரை கறுத்து ஈரம் பரவியிருந்தது. அவர் நல்ல மனிதர், தண்ணீர்ச் செம்பு சாய்ந்திருக்கும் என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அடுத்த வீட்டுக் குஞ்சம்மா வாய் சும்மா இருக்குமா? அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள், “ஏண்ணே, கை நனைக்க வாங்கன்னு கூப்பிட்டு மத்ததையும் நனைச்சு அனுப்பிட்டியே” என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த நாளும் ஈரம் இருந்தது. அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மழை விட்டுவிட்டது, வானத்தில் மேகமே இல்லை. மார்கழி பிறந்து காலையில் பனி புகையாக இறங்கத் தொடங்கியதும், பனிதான் தரையில் வேர்க்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். உப்புச் சட்டி வேர்ப்பது போலத் தரையும் வேர்க்கும் என்றான் ரெங்கன். நான் கோணியை விரித்து வைத்தேன். காலையில் கோணியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. எந்தப் பனி அப்படி இறங்கும்? அப்புறம் உன் அம்மா மேல் சந்தேகப்பட்டேன். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது தளும்ப விடுகிறாள், வயதாகிவிட்டது, கவனம் போதவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டேன்.  அன்றிலிருந்து குடத்தை வாசலோடு வைத்துவிட்டு, ஒவ்வொரு செம்பாக மொண்டு உள்ளே கொண்டுபோனாள். மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு செம்புக்கும் அந்தப் படியை ஏறி இறங்கினாள். ஈரம் குறையவில்லை. நான் குடத்தை எடுத்து உள்ளே வைத்தேன். “இப்ப தெரியுதா, நான் இல்லன்னு?” என்று கேட்டாள். தெரிகிறது என்று சொன்னேன். அழகா, நீ புதிதாகக் குடும்பம் நடத்தப் போகிறவன். வீட்டில் ஏதாவது தவறிப்போனால் பக்கத்தில் இருப்பவள் மேல் முதலில் கண் போகும். அவள்தான் பக்கத்தில் இருக்கிறாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

பிறகு தெருக்குழாய் மேல் சந்தேகம் வந்தது. அதற்குத் தண்ணீர் வரும் குழாய் நம் வாசலை ஒட்டித்தான் போகிறது. அது உடைந்திருக்கும் என்று எல்லோருக்கும் பட்டது. தண்ணீர்த் தொட்டி திறந்துவிடும் ஆளிடம் போய்ச் சொன்னேன். “ஒங்க வீட்டுக்குத் தனியா தண்ணி வருதுன்னு சந்தோசப்படுவீங்களா, அதை விட்டுட்டு” என்று கிண்டல் பேசினாலும், ஒரு நாள் முழுக்கத் தொட்டியை மூடி வைத்தார். தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்து, போகும் வழியெல்லாம் என்னைத் திட்டியது. நம் வீட்டுத் தரை மட்டும் அன்றும் நனைந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதற்குள் பின்சுவர் அடியில் முழ உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தேன், விரல் உள்ளே போனது. சுட்ட செங்கல்தான், ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெறும் சேறு. மேலே மட்டும் சிமெண்டைத் தடவியிருக்கிறார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த இந்த வீட்டைத் திறந்துவைத்த அன்று வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, ஒலிபெருக்கியில் பேசியது உனக்கு நினைவிருக்கும். குடிசையில் சாணித் தரையில் பிறந்த நீ, அன்றைக்குப் பாய் வேண்டாம் என்று சொல்லிச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாய். குளிர்ச்சியாக இருக்கிறது அப்பா என்றாய். ஒன்றிய உறுப்பினரிடம் போய்ச் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் இப்போது ஆளும் கட்சி. “அது அவங்க ஆட்சியில கட்டுன வீடு, அப்படித்தான் இருக்கும்” என்றார். எங்கள் வீட்டில் குடியிருப்பது எந்தக் கட்சியும் இல்லை, நாங்கள்தான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வேறொருவரிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

ஒரு வாரம் தரை காய்ந்தது. உன் அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதால் என்றாள். எனக்கு வேறொன்று பட்டது. அந்த வாரத்திலிருந்துதான் ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம். கொல்லைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் வற்றி, அடியில் நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. முறை திரும்பி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் காலையில் நம் கூடம் நனைந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த உன் அம்மா, “ஏங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள். பின்சுவர் மூலையில் தரை வெடித்த கீற்றிலிருந்து தண்ணீரோடு நெல்மணி வந்துகொண்டிருந்தது. ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று. சிலது முளைவிட்டிருந்தது. அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, வீட்டில் ஒரு மரக்கால் நெல் கிடையாது, பானை எல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் தரை நெல்லைக் கொடுக்கிறது. “மகாலட்சுமி வந்திருக்கா” என்று குஞ்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் கோழி அதற்குள் வந்து நாலு மணியைப் பொறுக்கிவிட்டது. இந்தக் கசிவால் பிழைத்தது அந்தக் கோழி மட்டும்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. தரைக்கு அடியில் நெல் சேர்த்து வைப்பது யார்? குறுவை அறுப்பில் எலி இழுத்துப்போய் வளைக்குள் அடுக்கிய நெல் அது. வாய்க்கால் கரையில் தொடங்கிய வளை, நம் கொல்லைக்கு அடியில் வந்து, வீட்டுக்குக் கொட்டிய மணலுக்குள் நுழைந்திருக்கிறது. வாய்க்கால் நிறைந்தால் தண்ணீரும் அந்த வழியில்தானே வரும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று வகுப்பில் எலி, வளை, வாய்க்கால் என்று மூன்றையும் சிலேட்டில் எழுதினேன். மறுநாள் மூலையைத் தோண்டி வளையைப் பிடித்து, குளத்துக் களிமண்ணை உருட்டி உள்ளே திணித்து, குதிகாலால் மிதித்து அடைத்தேன். ஈரம் நின்றது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறப்போட்டோம். உன் அம்மா அந்தச் சுவருக்கு எதிரே நின்று, மருமகள் பெட்டி வைக்க இந்த இடம் சரியாக இருக்கும் என்று கையால் அளந்து காட்டினாள்.

இரண்டு நாள் போனது. விடிந்ததும் குஞ்சம்மா வாசலில் நின்று கத்துகிறாள். “ஒன் வீட்டுத் தண்ணிய என் அடுப்புக்குள்ள தள்ளிவிட்டுட்டு நீ சுண்ணாம்பா ஊறப்போடுற? வந்து பாருண்ணே, வந்து பாரு!” போய்ப் பார்த்தேன். அடுப்புக்குழி நிறையத் தண்ணீர் நின்றது. சாம்பல் மிதந்தது. புருஷன் போன பிறகு அவள் இட்லி சுட்டு விற்றுத்தான் சாப்பிடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். ஊறிய மாவைப் பானையோடு இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே சுடுவது என்று தெரியாமல் நின்றாள்.  வீட்டுக்கு வந்து, அடைத்த களிமண்ணை நானே கடப்பாரையால் குத்தி எடுத்தேன். உன் அம்மா தடுக்கவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குபுக்கென்று வந்தது. குஞ்சம்மா அன்று நம் அடுப்பில்தான் இட்லி ஊற்றினாள். அழகா, உனக்கு நான் சொத்து எதுவும் சேர்க்கவில்லை. இதை மட்டும் எழுதி வைக்கிறேன். உன் வீடு காய வேண்டும் என்று எதையாவது அடைக்கும்போது, அது அடுத்து எந்த வீட்டில் கிளம்பும் என்று பார்த்துவிட்டு அடை.

எத்தனை வளை இருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது என்றான் ரெங்கன். முறை மாறி வாய்க்கால் காய்ந்ததும் எலி பிடிக்கும் சட்டியை எடுத்து வந்தான். அடியில் ஓட்டை போட்ட பழைய மண்சட்டி. வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வாயை வளைமேல் கவிழ்த்து, பின்னாலிருந்து ஊதினால் புகை வளைக்குள் ஓடும். வேறு எங்கே புகை வருகிறதோ அங்கே எலி வெளியே வரும், ஒரு ஆள் கம்போடு நிற்பான். சின்ன வயதில் நானும் அவனும் இந்தச் சட்டியால்தான் பசியாறினோம். இந்தத் தடவை நம் கூடத்து மூலையில் சட்டியைக் கவிழ்த்தோம். புகை எங்கே வருகிறது என்று பார்க்கத் தெருவே ஆளுக்கொரு இடத்தில் நின்றது. ரெங்கன் கன்னம் உப்ப ஊதினான். குஞ்சம்மா வீட்டு அடுப்பிலிருந்து புகை வந்தது. “நெருப்பே வைக்காம அடுப்பு புகையுது, இனிமே எனக்கு வெறகுச் செலவு இல்ல” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு அடுத்த வீட்டில் வாசற்படிக்கு அடியில் புகை வந்தது. அதற்கும் அடுத்த வீட்டில் சாமி மாடத்துக்குக் கீழே வந்தது. வரிசையாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இங்கேயும் வருது, இங்கேயும் வருது என்று குரல் கேட்டது. சிரிப்பு ஒவ்வொரு வீடாக நின்றுபோனது. கடைசியில் ரெங்கனின் சொந்த வீட்டிலிருந்து தமிழரசி வந்து, “மாமா, ஊதுனது போதும்” என்றாள். நான் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் கரை நெடுகப் பனியோடு பனியாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. ஒரு இடம் இரண்டு இடம் இல்லை, கரை முழுதும்.

அந்தக் கரையை முழுசாக வெட்டி, வளைகளைத் தோண்டி எடுத்து, களிமண் போட்டு மிதித்துத் திரும்பக் கட்ட வேண்டும். தெரு ஆட்கள் எல்லோரும் இறங்கினால் நாலைந்து நாள் வேலை. முன்பெல்லாம் வருடா வருடம் ஆற்றை மூடியதும் கரையின் பக்கவாட்டைச் செதுக்கி, எலி வெட்டி, மண் அணைத்து வைப்போம். அதனால்தான் இத்தனை காலம் ஒரு சொட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. ஏன் நிறுத்தினோம் என்று உனக்குத் தெரியும். அந்தக் கரையும் அதற்கு அந்தப் பக்கத்து நிலமும் வழக்கில் கிடக்கின்றன. நாம் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை மிராசுதார் பிள்ளைகள் விற்கப் பார்த்தார்கள். நம் விவசாயச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. வழக்கு முடியும்வரை இரண்டு தரப்பும் அந்த மண்ணைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அது நமக்குக் கிடைத்த வெற்றி. அன்றைக்கு நீதான் வெடி வாங்கி வந்து தெருமுனையில் வெடித்தாய். நான் வாழ்நாளில் முதல்முறையாக மாலை போட்டுக்கொண்டேன். அதன் பிறகு நாமும் தொடவில்லை, அவர்களும் தொடவில்லை. நிலம் கோரையும் கருவேலமுமாகக் கிடக்கிறது. மனிதர்கள் எல்லோரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள். எலியும் நண்டும் கட்டுப்படவில்லை.

மிராசுதார் வீட்டு ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். அந்தப் பெரிய வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் சென்னையில். என்னைப் பார்த்ததும், “என்னய்யா, சமாதானத்துக்கு வந்தியா, சண்டைக்கு வந்தியா?” என்றார். கரையை வெட்டிக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன். “நான் வெட்டிக்கன்னு சொன்னா, நெலம் ஒங்க கையிலதான் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சின்னவரு என்னைத் தொலைச்சிடுவாரு. நீங்க சொல்லாம வெட்டுனா, கோர்ட்டு உத்தரவ மீறிட்டாங்கன்னு நான் எழுதிப்போட்டே ஆவணும். என் வேல அது” என்றார். அப்படியானால் எலியை என்னதான் செய்வது என்று கேட்டேன். “ஒங்க வக்கீல்கிட்ட சொல்லி எலிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பு” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உள்ள வந்து பாருய்யா” என்று அழைத்துப் போனார். அவர் படுக்கிற அறையிலும் சுவர் பாதிக்கு மேல் ஈரம் ஏறியிருந்தது. அந்த வீட்டுக்குப் பின்னாலும் அதே கரைதான்.

அடுத்த நாள் விடியலில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பனியில் ஆள் தெரியாது என்று ஒரு எண்ணம். நம் வீட்டுக்கு நேரே உள்ள துண்டை மட்டுமாவது வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். ரெங்கன் எப்படித் தெரிந்து வந்தானோ, வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்து கரைமேல் குந்தினான். அவன்தானே நம் தெருச் சங்கச் செயலாளர். தடுப்பான் என்று நினைத்தேன். “வெட்டு மச்சான்” என்றான். நான் நின்றேன். “என் வீட்டுக்குள்ளயும் தண்ணிதான். ஒனக்கு முன்னாடி நேத்து நானே வந்து நின்னுட்டுப் போனேன். ஒரு வெட்டு வெட்டுனா போதும், தடை ஒடஞ்சிரும். நெலத்த வித்துட்டுப் போயிருவானுவ. அப்பறம் நம்ம தெருவுக்கு வீடு இருக்கும், ஒழ நெலம் இருக்காது. வெட்டலன்னா நெலத்துக்குக் கேசு இருக்கும், வீடு இருக்காது. எதுன்னு நீயே சொல்லு, நான் கேக்குறேன்” என்றான். நானும் அவன் பக்கத்தில் குந்தினேன். இரண்டு பேரும் ஒரு பீடியை மாற்றி மாற்றி இழுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். மண்வெட்டியில் மண் ஒட்டவே இல்லை.

மார்கழியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதனால் சம்மந்தி போன வாரம் திருவாரூருக்கு வந்தவர், சும்மா எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். இந்த முறை நான் பாய் போடவில்லை, பலகை போட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். அதை நான் மறைக்கவில்லை. உன் அம்மா செங்கல்லை அடுக்கி அதன்மேல் அடுப்பு வைத்திருப்பதைப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. எங்க கொல்லையில ஒரு ஓட்டு வீடு சும்மா கெடக்கு. புள்ளைங்க ரெண்டும் அங்க இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு அங்கயே ஒரு வேலை பாத்துக்கலாம்” என்றார். பெண் எடுத்த வீட்டில் போய்க் குடியிருப்பதைப் பற்றி நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் சித்தப்பன் பட்டுக்கோட்டைக்கு அப்படிப் போனபோது, அவன் வீட்டு விசேஷத்துக்குக்கூட நான் போகவில்லை.  சம்மந்தியிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாகத் தரையைத் தாண்டிப் போனார். அதைப் பார்த்ததுமே யோசித்து முடித்துவிட்டேன்.

அழகா, நீ வராதே. கல்யாணம் முடிந்ததும் ஒரத்தநாட்டுக்குப் போ. அவர் கொடுக்கும் வீட்டில் இரு. உன்னை யாராவது வீட்டோடு மாப்பிள்ளை என்று சொன்னால், என் அப்பாதான் அனுப்பினார் என்று சொல். உன் சித்தப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல். தை கடைசியில் அணையை மூடுவார்கள், தரை காயும், அப்போது சரியாகிவிடும் என்று நினைக்காதே. ஆடியில் திறந்துவிடுவார்கள். வாய்க்காலை நிறுத்தவும் முடியாது, அதற்குக் கீழே கடைமடைக்காரர்களின் பயிர் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது. வழக்கு முடிந்தால் கரையை வெட்டலாம். எப்போது முடியும் என்று வக்கீலைக் கேட்டால், அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இந்தச் சுவர் அதுவரை நிற்காது. பணம் அனுப்பி இதைக் கட்டிவிடலாம் என்றும் நினைக்காதே. எதைக் கட்டினாலும் அதே எலிவளை மேல்தான் கட்ட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் இருக்கும்வரை இருந்துகொள்கிறோம். முன்பக்கச் சுவர் இன்னும் கெட்டியாக இருக்கிறது, அதை ஒட்டிப் படுத்துக்கொள்கிறோம்.

இதை எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வகுப்புக்கு வர நேரம் இல்லை. “வரச்சொல்லித்தானே எழுதுறீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் படிக்கத் தெரியாதவனிடம் ஒன்று சொல்லிவிட்டுத் தாளில் வேறொன்று எழுதியவர்கள் எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம். கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்து, என்ன எழுதியிருந்தது என்று கேட்டுக்கொண்டு நின்றவன் நான். அந்த வேலையை என் கை கற்றுக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது. முதல் வரியிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரம் பிடித்தது. வராதே என்ற இடம் வந்ததும் அந்த வார்த்தையைக் கூட்டவே எனக்குத் தடுமாறியது. அவளே முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிட்டாள்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் இங்கே கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, ஈரத்தை ஒற்றி எடுக்கும் கோணியை வாசலில் பிழிந்து, திரும்பவும் மூலையில் விரித்தாள். வேண்டுமானால் அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். “அடிக்காதீங்க” என்றாள். “இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க.”

கல்யாணத்துக்குத் தேவையான துணிமணியைத் திருப்பூரிலேயே எடுத்துவிடு, இங்கே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் அம்மாவின் தாலிக்கயிறு டப்பாவையும் தமிழரசி வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை முறை மாறும்வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பின்சுவர் அதைத் தாங்கினால் இதே இடத்தில் உட்கார்ந்து அடுத்த வாரம் எழுதுகிறேன். தாங்காவிட்டால் வகுப்புக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும்.

உன் அப்பா